சின்னப் பாம்புதானேன்னு விடலாமா? ஒரகடம் ஷிஃப்ட்டுக்குப் போறவங்க தெரிஞ்சுக்க வேண்டிய சுருட்டை விரியன்!

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் சாலையில் நைட் ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கினால், அறை வரை பல இடங்களில் ஒற்றையடிப் பாதைதான். காலி மனை, ஜல்லிக் குவியல், முள்புதர். வறண்ட, கல் நிறைந்த இந்த மாதிரி நிலம்தான் சுருட்டை விரியனுக்குப் பிடித்த இடம்.

இது குழி விரியனா?

இல்லை. குழி விரியனுக்குக் கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே வெப்பத்தை உணரும் குழி இருக்கும். தமிழ்நாட்டில் அவை பெரும்பாலும் மேற்குத் தொடர்ச்சி மலைவாசிகள். சுருட்டைக்கு அந்தக் குழி கிடையாது. ஓரடி, ஒன்றரை அடிதான் நீளம். மிரண்டால் உடலைச் சுருட்டி, செதில்களை உரசி 'சர்ர்ர்' என்று ரம்பம் அறுப்பது போலச் சத்தம் எழுப்பும்.

கடித்தால் என்ன ஆகும்?

இதன் விஷம் ரத்தம் உறையும் தன்மையைக் கெடுக்கும். கடித்த இடம் வீங்கும். ஈறில், சிறுநீரில் ரத்தம் வரலாம். சில மணி நேரம் கழித்தும் அறிகுறி தெரியலாம். அதனால் 'வலி இல்லையே, ஷிஃப்ட் முடிச்சிட்டுப் போவோம்' என்பது ஆபத்து. மருத்துவமனையில் 2 மி.லி. ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைப்பார்கள். உறையவில்லை என்றால் விஷம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம்.

உடனே என்ன செய்யணும்?

- 108-ஐ அழையுங்கள். கடிபட்ட கை, காலை அசைக்காதீர்கள்.
- மோதிரம், கொலுசு, ஷூவைக் கழற்றுங்கள்.
- இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள்.
- பாம்பைத் துரத்திப் பிடிக்கப் போக வேண்டாம்.

மருந்து எங்கிருந்து வருது?

நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். அதற்கான விஷத்தைத் தருவதில் முக்கியமானது, பக்கத்துச் செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். பிடிக்கும் பாம்புகளைச் சில வாரம் வைத்திருந்து விஷம் எடுத்து, மீண்டும் காட்டில் விடுகிறார்கள். இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக ஓர் ஆய்வு மதிப்பிட்டது. தமிழக அரசு 2024-ல் இதை அறிவிக்கை செய்யப்பட வேண்டிய நோயாக்கியது. தனியார் மருத்துவமனைகளும் இனி கணக்குக் கொடுத்தாக வேண்டும்.

மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம். நேரம்தான் முக்கியம். இன்று இரவு இறங்கி நடக்கும்போது, செருப்புக்குப் பதில் ஷூ, போனில் டார்ச். மறக்காதீங்க!