வடிவியல் உகப்பாக்கக் கணக்குகள்

குறிப்பிட்ட ஒரு கட்டுப்பாட்டுக்குள் ஒரு வடிவத்தின் பரப்பு, கனஅளவு, நீளம் போன்ற அளவு எப்போது மிகப் பெரியதாகவோ மிகச் சிறியதாகவோ இருக்கும் எனக் கண்டறிவது வடிவியல் உகப்பாக்கம் எனப்படும். வகை நுண்கணிதத்தின் முக்கியமான பயன்பாடுகளில் இதுவும் ஒன்று. வகைக்கெழுவைச் சுழியத்துக்குச் சமப்படுத்துவது இதன் மையப் படி. அந்தச் சுழியம் உணர்த்தும் பொருளைப் புரிந்துகொள்ள, கெப்ளரின் பீப்பாய்க் கணக்கு நல்ல எடுத்துக்காட்டு.

பின்னணி

வானியலாளர் யோகான்னசு கெப்ளர் 1613-ஆம் ஆண்டில் ஆஸ்திரியாவின் லின்சு நகரில் வாழ்ந்தார். இரண்டாவது திருமணம் செய்துகொண்ட அவ்வாண்டில் வீட்டுக்குத் திராட்சை மதுப் பீப்பாய்களை வாங்கினார். வணிகர் ஒரு கோலைக் கொண்டுவந்து, பீப்பாயின் நடுவயிற்றில் இருந்த துளை வழியாகச் சாய்வாகச் செருகினார். கோலின் நுனி எதிர்ப்பக்க முகப்பின் அடி விளிம்பைத் தொட்டதும், உள்ளே சென்ற நீளத்தைக் கொண்டு மதுவின் அளவையும் விலையையும் சொன்னார்.

பீப்பாய் குட்டையாக இருந்தாலும் நெடியதாக இருந்தாலும் ஒரே கோல்தான். வடிவத்தைப் பார்க்காமல் ஒரே ஒரு நீளத்தை வைத்துக் கொள்ளளவைச் சொல்வது எப்படிச் சரியாகும் என்ற ஐயம் கெப்ளருக்கு எழுந்தது. இதை ஆராய்ந்து அவர் எழுதிய இலத்தீன் நூல் 1615-இல் லின்சு நகரில் வெளிவந்தது.

கணக்கை அமைத்தல்

எளிமைக்காகப் பீப்பாயை ஓர் உருளையாகக் கொள்ளலாம். கோலின் நீளம் கோ, பீப்பாயின் நீளம் நீ, விட்டம் வி, கனஅளவு க எனக் குறிக்கலாம். துளை பீப்பாயின் நடுவில் இருப்பதால், கோல் கிடைத்திசையில் பாதி நீளத்தையும் செங்குத்தாக முழு விட்டத்தையும் கடக்கிறது. எனவே பிதாகரசு தேற்றப்படி,

கோ² = (நீ/2)² + வி²

இது கட்டுப்பாடு. பெருமமாக்க வேண்டிய சார்பு,

க = (பை/4) × வி² × நீ

இந்தச் சார்பில் வி, நீ என இரண்டு மாறிகள் உள்ளன. கட்டுப்பாட்டிலிருந்து வி² மதிப்பைப் பிரதியிட்டால் ஒரே மாறி மிஞ்சும்:

க = (பை/4) × (கோ² × நீ − நீ³/4)

நீ-யின் மதிப்பு 0-க்கும் 2கோ-வுக்கும் இடையில் இருக்க வேண்டும். இவ்விரு முனைகளிலும் கனஅளவு சுழியம்.

தீர்வு

நீ-யைப் பொறுத்து வகையிட்டால் (பை/4) × (கோ² − 3நீ²/4) கிடைக்கும். இதைச் சுழியத்துக்குச் சமப்படுத்தினால்,

நீ = 2கோ/√3
வி = √2 × கோ/√3

இரண்டாம் வகைக்கெழு −(3பை/8) × நீ. நீ எப்போதும் மிகை எண் என்பதால் இது குறை எண். ஆகவே கிடைத்தது பெருமமே. நீளத்துக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதம் √2, அதாவது ஏறத்தாழ 1.414.

சுழியம் சொல்வது என்ன?

கோல் 100 செ.மீ. காட்டும் பீப்பாய்களை எடுத்துக்கொள்வோம். அவற்றின் நீளமும் கொள்ளளவும் வருமாறு:

40 செ.மீ. – 301.6 லிட்டர்
100 செ.மீ. – 589.0 லிட்டர்
115.5 செ.மீ. – 604.6 லிட்டர் (பெருமம்)
120 செ.மீ. – 603.2 லிட்டர்
130 செ.மீ. – 589.6 லிட்டர்
180 செ.மீ. – 268.6 லிட்டர்

கோலின்படி இவை அனைத்துக்கும் ஒரே விலை. 180 செ.மீ. நீளமுள்ள ஒடுங்கிய பீப்பாயை வாங்குபவருக்குப் பெருமத்தில் பாதி மதுகூடக் கிடைக்காது. கெப்ளரின் ஐயம் நியாயமானதே.

ஆனால் ஆஸ்திரியாவில் பீப்பாய் செய்தவர்கள் முகப்பின் ஆரத்தைப் போல மூன்று மடங்கு நீளம் வைக்கும் வழக்கத்தைப் பின்பற்றினர். அப்போது நீளம், விட்டத்தைப் போல 1.5 மடங்காகும். மேலே உள்ள 120 செ.மீ. பீப்பாய் இந்த வகையைச் சேர்ந்தது. பெருமத்தோடு ஒப்பிட்டால் அதன் குறைவு கால் விழுக்காட்டுக்கும் கீழே. பெருமப் புள்ளியில் வகைக்கெழு சுழியம் என்பதால் வரைபடம் அங்கே தட்டையாக இருக்கிறது. விகிதம் சற்றுப் பிசகினாலும் கனஅளவு பெரிதாக மாறுவதில்லை. அதனால் அந்த ஊர்ப் பீப்பாய்களுக்குக் கோல் ஏறத்தாழச் சரியான அளவையே காட்டியது. வேறு விகிதத்தில் செய்த பீப்பாய்க்கு அதே கோல் ஏமாற்றும்.

கெப்ளரிடம் இன்றைய நுண்கணிதம் இல்லை. பல நீளங்களுக்குக் கனஅளவைக் கணக்கிட்டு அட்டவணையிட்டு, பெருமத்துக்கு அருகில் மாற்றம் மிகச் சிறிதாக இருப்பதைக் கவனித்தார். பெருமம், சிறுமம் காண்பதற்கான பொதுமுறையைப் பியேர் டி பெர்மா 1630-களில் வழங்கினார்.

பொதுவான படிகள்

1. படம் வரைந்து அளவுகளுக்குப் பெயரிடுதல்.
2. பெருமமாக்கவோ சிறுமமாக்கவோ வேண்டிய சார்பை எழுதுதல்.
3. கட்டுப்பாட்டைப் பயன்படுத்தி ஒரே மாறிக்குக் குறைத்தல்.
4. அம்மாறி ஏற்கக்கூடிய மதிப்புகளின் எல்லையைக் குறித்தல்.
5. வகைக்கெழு சுழியமாகும் இடங்களைக் காணுதல்.
6. அவ்விடங்களிலும் எல்லை முனைகளிலும் சார்பின் மதிப்புகளை ஒப்பிடுதல்.

முனைகளை மறத்தல்

மாணவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது ஆறாவது படியை. 100 செ.மீ. கம்பியை இரண்டாக வெட்டி, ஒரு துண்டைச் சதுரமாகவும் மற்றதை வட்டமாகவும் வளைத்தால் மொத்தப் பரப்பு எப்போது பெருமமாகும் என்று ஒரு கணக்கு உண்டு. வகைக்கெழு சுழியமாகும் இடத்தில் கிடைக்கும் பரப்பு சுமார் 350 ச.செ.மீ. அது சிறுமம்! கம்பி முழுவதையும் சதுரமாக்கினால் 625 ச.செ.மீ., முழுவதையும் வட்டமாக்கினால் சுமார் 796 ச.செ.மீ. கிடைக்கும். வெட்டாமல் விடுவதையும் அனுமதித்தால் பெருமம் முனையில்தான் இருக்கிறது. வகைக்கெழுவின் சுழியம் வரைபடம் தட்டையாகும் இடத்தை மட்டுமே காட்டும். அது மேடா பள்ளமா என்பதைத் தனியே சோதித்தாக வேண்டும்.