மனை புதுக்குவோர் பிழையும் அதற்குரிய ஒறுப்பும்

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மக்கள் வாழ்க்கைக்கு இன்றியமையாதன. அவற்றுள் உணவு கெட்டதாயின் அன்றே அறிந்து விலக்கலாம். உடை கிழிந்ததாயின் வேறு கொள்ளலாம். உறையுளோ அத்தன்மைத்தன்று. எளிய குடும்பத்தார் பல்லாண்டு ஈட்டிய பொருள் முழுவதையும் ஒருங்கே இட்டு எடுப்பது வீடு. அதன்கண் உள்ள குற்றமோ வேலை முடிந்த அன்று கண்ணுக்குத் தோன்றாது. ஆதலின், வீட்டைக் கட்டியும் புதுக்கியும் தருகின்ற ஒப்பந்தக்காரர் தம் வேலையிற் பிழை செய்வாராயின் அவரை ஒறுக்கும் முறை யாது, இழந்தவர் தம் இழப்பைப் பெறும் வழி யாது என்பவற்றை ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

முதற்கண் கட்டடக் குற்றத்தின் இயல்பை அறிதல் வேண்டும். மெத்தைத் தளத்திற்கு நீர் வடிவதற்கேற்ற வாட்டம் கொடாது விட்டால், மழைநீர் தேங்கி மெல்ல மெல்ல உள்ளிறங்கும். சிமெண்டு வேலைக்குப் பல நாள் நீர்விட்டு ஈரங் காவாதிருந்தால், அது வலிவு பெறாது வெடிக்கும். உப்புக் கலந்த மணலைக் கூட்டினால் உள்ளிருக்கும் இரும்புக் கம்பி துருவேறும். துரு இரும்பினும் மிகுந்த இடங்கொள்வதாகலின், அது பருத்துத் தன்னை மூடிய காரையைப் பிளந்து உதிர்க்கும். இவையெல்லாம் புதுச் சுண்ணத்தின் வெண்மைக்குள் மறைந்து கிடந்து, ஐப்பசி கார்த்திகை அடைமழை இரண்டு மூன்று கடந்த பின்னரே பலகாலும் புலப்படும். அதற்குள் கூலி முழுவதும் கொடுத்தாயிற்று. வேலை செய்தவரும் வேற்றூர் சென்றிருப்பார். காலந் தாழ்த்து வெளிப்படும் இக்குற்றத்திற்கு எத்துணைக் காலம் ஒருவரைப் பொறுப்பாளராக வைப்பது என்பதே இப்பொருளின் உயிர்நிலையாம்.

இவ்வினா மிகப் பழையது. கி.மு. 18-ஆம் நூற்றாண்டில் பாபிலோனை ஆண்ட ஹம்முராபி என்னும் வேந்தன் விதித்த சட்டத்தில், கட்டிய வீடு இடிந்து அதன் உடையவன் இறப்பானாயின் கட்டியவன் கொல்லப்படுவான் என்றும், சுவர் சாயுமாயின் கட்டியவன் தன் பொருளைச் செலவிட்டு அதனை உறுதிப்படுத்தல் வேண்டுமென்றும் இருவேறு விதிகள் உள. நம் நெடுநல்வாடையும் நிழல் கொண்டு திசையறிந்து, நூலிட்டு அளந்து அரண்மனை வகுத்தார் திறத்தைப் பாராட்டுகின்றது. தவறினார்க்கு என் செய்வது என்பது அப்பாட்டின் பொருளன்று. ஹம்முராபியின் விதி இரண்டனுள் முன்னையது ஒறுப்பு. பின்னையது பழுது தீர்த்தல். இவ்விரண்டும் வேறு வேறு என்பதை அன்பர்கள் நினைவில் இருத்துவாராக. இக்கால முறைகள் அனைத்தும் இப்பாகுபாட்டின் வழியே விளங்குவன.

இனி, நமக்கு அணித்தாகிய சேதராப்பட்டை எடுத்துக்கொள்வோம். வில்லியனூர்க் கொம்யூனைச் சேர்ந்த இவ்வூர் இன்று தொழிற்பேட்டையாற் பெயர் பெற்றது. முற்காலத்தில் புதுச்சேரியின் பிரெஞ்சு ஊர்கள் ஆங்கிலேயர் ஆண்ட ஊர்களோடு விரவிக் கிடந்தன. ஆகவே ஒரே கொத்தனார் காலையில் ஒரு நாட்டுச் சட்டத்தின் கீழும், வரப்பைக் கடந்து மாலையில் மற்றொரு நாட்டுச் சட்டத்தின் கீழும் சுவரெடுத்தல் கூடும்.

அவ்விரு சட்டங்களும் பெரிதும் வேறுபட்டன. பிரெஞ்சு நாட்டில் 1804-இல் இயற்றப்பட்ட சிவில் சட்டத் தொகுப்பு 1819-இல் புதுச்சேரிக்கு விரிக்கப்பட்டது. அதன் 1792-ஆம் விதியின்படி, மொத்த விலை பேசிக் கட்டிய கட்டடம் வேலையின் பிழையாலேனும் நிலத்தின் பிழையாலேனும் முழுவதுமோ ஒரு பகுதியோ அழியுமாயின், அதனை வகுத்தவரும் ஒப்பந்தக்காரரும் 10 ஆண்டு பொறுப்பாளராவர். நேரே விலை பேசி வேலையேற்கும் கொத்தரும் தச்சரும் தத்தம் பகுதிக்கு ஒப்பந்தக்காரராகவே கருதப்படுவர் என்று 1799-ஆம் விதி கூறிற்று. வரப்பின் மறுபுறத்தில் 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் நிலவிற்று. அது சொற் பிறழ்ந்தவர் இழப்பை ஈடுசெய்ய வேண்டுமென்னும் பொதுவிதியைக் கூறியதன்றிக் கட்டுவோர்க்கெனத் தனிக்காலம் வகுத்திலது.

புதுச்சேரியின் ஆட்சி 1954 நவம்பர் 1-இல் இந்தியாவின் கைக்கு வந்தது; சட்டமுறை மாற்றம் 1962 ஆகஸ்டு 16-இல் நிறைவேறிற்று. அதன்பின் 1960-களில் இந்தியச் சட்டங்கள் இங்கு விரிக்கப்படவே, வரப்பின் இருபுறமும் ஒரே முறை ஆயிற்று. பிரெஞ்சு நாட்டிலோ அப்பத்தாண்டுப் பொறுப்பு இன்றும் வாழ்கின்றது. 1978-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குக் காப்புறுதியையும் கட்டாயமாக்கிற்று.

நிற்க. உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் என்று நாம் சொல்லும்பொழுது யாரைக் கருதுகின்றோம்? வீட்டைப் பழுதுபார்க்கும் மேஸ்திரி அனைவர்க்கும் பொதுவான உரிமம் நம் நாட்டில் இல்லை. மின்கம்பி வேலைக்கு உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரர் வேண்டும். கட்டடக் கலைஞர் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு பெற்றிருத்தல் வேண்டும்; தொழிலொழுக்கம் தவறியவரைக் கண்டிக்கவும், இடைநிறுத்தவும், பதிவினின்று நீக்கவும் கட்டடக் கலைக் குழுமத்திற்கு அதிகாரம் உண்டு. பொதுப்பணித் துறையிற் பதிவு பெற்ற ஒப்பந்தக்காரர் அரசாங்க வேலைக்கே அப்பதிவு பெற்றவர். அவர் நம் வீட்டு வேலையைச் செம்மையாகச் செய்வார் என்பதற்கு அது பிணையாகாது.

ஒறுக்கும் அதிகாரமும் வரம்பின்றி இயங்குவதன்று. ஒருவரைக் கரும்பட்டியலிற் சேர்க்குமுன் அவர் விடையைக் கேட்டல் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1974-இல் தீர்ப்பளித்தது. அத்தகைய விலக்கு என்றென்றைக்கும் உரியதாதல் கூடாது, குற்றத்தின் அளவிற்கேற்றதாதல் வேண்டும் என்று 2013-இல் விளக்கிற்று. இஃது அறமே. உரிமத்தை இழப்பவர் ஒருவராயினும், அவரை நம்பிய கொத்தரும் சித்தாளும் பலர்.

ஆயினும், ஒருவர் உரிமம் பறிக்கப்பட்டமையால் நம் தளத்தின் ஒழுக்கு நின்றுவிடாது. பழுது தீர்த்தற்கு வேறு வாயிலை நாடல் வேண்டும். வீடு கட்டித் தருதலும் நுகர்வோர்க்குச் செய்யும் சேவையே என்று 1993-இல், லக்னோ வளர்ச்சிக் குழுமத்தைப் பற்றிய வழக்கில், உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. இன்று நடைமுறையில் உள்ள 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, மாவட்ட ஆணையம் குறையை நீக்குமாறும், பணத்தைத் திருப்புமாறும், இழப்பீடு தருமாறும் ஆணையிடலாம். கொடுத்த தொகை 5 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாதாயின் முறையீட்டிற்குக் கட்டணமில்லை. முறையிடுவோர் தாம் வாழும் இடத்து ஆணையத்திலேயே முறையிடலாமாதலின், சேதராப்பட்டு வாசி எல்லைக்கு அப்பாலுள்ள ஒப்பந்தக்காரரைத் தேடித் தமிழ்நாட்டு ஆணையத்திற்குச் செல்ல வேண்டுவதில்லை. எனினும், வழக்கிற்குக் காரணம் தோன்றிய 2 ஆண்டிற்குள் முறையிடல் வேண்டும். தாழ்த்தவர் தக்க காரணம் காட்டல் வேண்டும். உரிமத்தைப் பறிக்கும் அதிகாரமோ இவ்வாணையத்திற்கு இல்லை.

இவ்வாறு நம்மிடத்து ஒறுப்பு ஒரு வாயிலிலும் பழுது தீர்த்தல் மற்றொரு வாயிலிலும் நிற்கின்றன. இரண்டையும் ஒருங்கே இணைத்த நாடும் உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1929 முதல் ஒப்பந்தக்காரர்க்கென ஓர் உரிம அமைப்பு உளது. அது பிழை செய்தவரை வேலையைத் திருத்துமாறு ஆணையிடும். திருத்தாதாரின் உரிமம் நிறுத்தப்படும். அன்றியும், உரிமம் பெற்றவர் 25,000 டாலருக்குப் பிணைமுறி வைத்தல் வேண்டும். ஆண்டு உரிமம் ஒறுத்தற்கு மட்டுமன்றித் திருத்துதற்கும் கருவியாகின்றது.

மாணவ நண்பர்களே! நம்முட் சிலர் பொறியியலாராகலாம், சிலர் வழக்கறிஞராகலாம், பலர் என்றேனும் ஒருநாள் ஒரு மேஸ்திரியின் எதிரே நின்று விலை பேசுவோம். அன்று வேலையின் அளவையும் பொருளின் தரத்தையும் எழுத்தில் வாங்குக. பணத்தைத் தவணையாற் கொடுத்து, ஒரு பகுதியை மழைக்காலம் கழியும்வரை நிறுத்திவைக்க முன்னரே பேசிக்கொள்க. சுவருக்குள் மறையுமுன் கம்பியையும் குழாயையும் படம்பிடித்து வைக்க. குறை கண்டால் முதலில் எழுத்தில் அறிவித்துத் திருத்த வாய்ப்பளிக்க. உரிமம் என்பது அரசு ஒருவர் கையிற் கொடுக்கும் தாளேயாம். கட்டியவர் தாம் கட்டியதற்குப் பல்லாண்டு பொறுப்பாவர் என்ற அப்பழைய விதியோ உரிமம் உடையாரையும் இல்லாரையும் ஒருங்கே கட்டிற்று. அவ்விதி நம் நாட்டிற்கு மீண்டும் வருமாயின் எளியோர் இல்லங்கள் பல காக்கப்படும் என்பது எம் துணிபு.