சபுராளிகள் போன வழியில் ஹட்டனுக்கு ஒரு ரயில் பிரயாணம்



காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், தொண்டி என்று எந்தக் கடற்கரை ஊரை எடுத்துக்கொண்டாலும், "எங்கள் வாப்பாவுக்கு வாப்பா சிலோனில் கடை வைத்திருந்தார்கள்" என்று சொல்லும் வீடுகள் ஏராளம். கொழும்பில் மட்டுமல்ல, கண்டி, கம்பளை, ஹட்டன், நுவரெலியா என்று மலைநாடு முழுக்க நம்மவர்களின் ஜவுளிக்கடைகளும் மளிகைக்கடைகளும் இருந்தன. இரண்டு வருடம், மூன்று வருடம் கழித்து சபுராளி ஊர் வருவார். சில மாதம் இருந்துவிட்டு மறுபடி கிளம்பிவிடுவார். வீட்டிலிருந்த பெண்மணியோ வாசற்படியில் நின்று ஸலாம் சொல்லி அனுப்பிவிட்டு, கடிதத்துக்குக் காத்திருப்பாள். அவர் போன வழி எப்படி இருக்கும் என்பதை அவள் கடைசி வரை பார்த்ததில்லை.

அந்த வழியை நாம் ஒரு தடவையாவது பார்க்க வேண்டாமா?

சென்னையில் விமானம் ஏறினால் ஒன்றேகால் மணி நேரத்தில் கொழும்பு. அவசரத்துக்கு அது நல்லதுதான். நோயாளியைப் பார்க்கவோ ஜனாஸாவுக்கோ போகிறவர்களை ரயிலில் போகச் சொல்ல முடியாது. ஆனால் விடுமுறைக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம். ஐரோப்பாவில் இப்போது பல குடும்பங்கள், ரயில் இருக்கும் இடத்துக்கு விமானம் எதற்கு என்று கேட்கத் தொடங்கிவிட்டன. ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய சில ஊர்களுக்கு, உள்நாட்டு விமானமே கூடாது என்று பிரான்ஸ் 2023ல் நிறுத்திவிட்டது. விமானம் கக்கும் புகை பூமியின் சூட்டைக் கூட்டுகிறது என்பது அவர்கள் சொல்லும் காரணம். நமக்கு அதோடு இன்னொரு காரணமும் உண்டு. அது நம் வீட்டுக் கதை.

ஒரே டிக்கெட்டில் எழும்பூரிலிருந்து கொழும்பு

1914ல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதன்பின் எழும்பூரில் ஒரே டிக்கெட் வாங்கிக்கொண்டு கொழும்பு வரைக்கும் போகலாம் என்றாயிற்று. தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி கொழும்புக்கு ரயில். 'போட் மெயில்' என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். நம் சபுராளிகள் பலர் இதில் போனார்கள்; வேறு பலர் தூத்துக்குடியில் கப்பலேறினார்கள்.

போட் மெயில் வருவதற்கு முன்பே, அதே கடல் வழியில் இன்னொரு கூட்டம் போயிருந்தது. காப்பித் தோட்டக் காலத்தில், தமிழகத்தின் வறண்ட கிராமங்களிலிருந்து கங்காணிகள் அழைத்துப்போன கூலிமக்கள், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளை வரை நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே மௌத்தானவர்கள் ஆயிரக்கணக்கில். கைப்பிள்ளையோடு நடந்த தாய்மாரும் அதில் உண்டு. காப்பிச் செடியை நோய் அழித்தபின் அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. ஜேம்ஸ் டெயிலர் என்ற வெள்ளைக்காரர் 1867ல் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் பயிரிட்டதுதான் ஆரம்பம்.

மலை ஏறும் ரயில்

மலையில் விளைந்ததைத் துறைமுகத்துக்குக் கொண்டுவரப் போட்ட பாதைதான் இன்று நாம் போகப்போகும் பாதை. 1867ல் கண்டி வரை, 1874ல் நாவலப்பிட்டி வரை, 1884ல் ஹட்டன் வரை, 1885ல் நானுஓயா வரை என்று அது மெல்ல மெல்ல ஏறியது. பதுளையைத் தொட 1924 ஆகிவிட்டது. கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளை சுமார் 290 கிலோமீட்டர். 40க்கும் மேற்பட்ட குகைகள். நம் ஊர்ப் பெரிய ரயிலின் அதே அகலப் பாதைதான். ஊட்டி ரயிலைப் போல் பல்சக்கரம் கிடையாது. வளைந்து வளைந்தே ஏறுகிறது.

ரம்புக்கனை தாண்டியதும் ஏற்றம் தொடங்கும். சுமார் 20 கிலோமீட்டரில் 400 மீட்டருக்கு மேல் ஏறி கடுகண்ணாவை வந்து சேரும். பேராதனை, கம்பளை, நாவலப்பிட்டி கடந்து வட்டவளைப் பக்கம் போகும்போது, இரண்டு பக்கமும் தேயிலை. சன்னலைத் திறந்தால் குளிர்காற்று முகத்தில் அடிக்கும். இந்தப் பாதையில் ஓடும் ரயில்களுக்குச் சிங்களத்தில் 'உடரட மெனிக்கே', 'பொடி மெனிக்கே' என்று பெண்களின் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். மலைநாட்டு நங்கை, சின்ன நங்கை என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

ஹட்டன் 1200 மீட்டருக்கும் அதிக உயரம். அந்தப் பக்கத்திலிருந்துதான் பாவா ஆதம் மலைக்குப் பெரும்பாலோர் போகிறார்கள். 2243 மீட்டர் உயரமுள்ள அந்த மலைக்கு, உலகம் சுற்றிய இப்னு பதூதா 1344ல் இலங்கை வந்தபோது ஏறியிருக்கிறார். ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவில் சிங்கமலைக் குகை. 560 மீட்டருக்கு மேல் நீளம். பிள்ளைகள் கூச்சலிட்டு முடிப்பதற்குள் வெளிச்சம் வந்துவிடும். தலவாக்கலைப் பக்கம் செயின்ட் கிளேர் அருவி தெரியும். நுவரெலியா போக நானுஓயாவில் இறங்க வேண்டும்.

சன்னலில் தெரியும் பெண்கள்

சகோதரிகளே, அருவியைப் பார்க்கும்போது அதற்குப் பக்கத்துச் சரிவையும் பாருங்கள். நெற்றியில் கட்டிய கயிற்றில் கூடையோ சாக்கோ தொங்க, வரிசையாகக் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பவர்கள் நம்மைப் போன்ற தாய்மார்களே. காலை வெள்ளென எழுந்து, பிள்ளைகளுக்கு ரொட்டி சுட்டு வைத்துவிட்டு, மழையிலும் அட்டைக் கடியிலும் நிற்கிறார்கள். நாள் சம்பளம் 1000 ரூபாய் வேண்டும் என்று வருடக்கணக்கில் கேட்டு, 2021ல்தான் அது கிடைத்தது. வெள்ளைக்காரன் கட்டிய லயத்துக் காம்பராவிலேயே இன்னும் எத்தனையோ குடும்பங்கள்.

நம் பெரியவர்களின் கடைகளில் அரிசியும் சேலையும் வாங்கியவர்கள் இவர்களின் பாட்டிமார். சம்பள நாளில் தரலாம் என்று கடன் கொடுத்த கணக்குப் புத்தகங்களில் அவர்கள் பெயர் இருந்திருக்கும். நம் ஊரில் எழும்பிய மாடி வீடுகளில் அவர்கள் பறித்த கொழுந்துக்கும் ஒரு பங்கு உண்டு. இதை நாம் மறக்கலாகாது.

1948ல் வந்த குடியுரிமைச் சட்டம் இந்தத் தோட்ட மக்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30ல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும் என்று இரு நாட்டுத் தலைவர்களும் பங்கிட்டார்கள். மீதிப் பேரை 1974ல் பாதிப்பாதியாகப் பிரித்தார்கள். தாய் ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம். அக்கா கப்பலேற, தங்கை தோட்டத்தில் நின்றாள். நாம் குதூகலமாக இறங்கும் இந்த ஸ்டேஷன்களில்தான் அவர்கள் கட்டிப்பிடித்து அழுதுவிட்டுத் தலைமன்னாருக்கு ரயில் ஏறினார்கள். நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டது வந்திறங்கியவர்களுக்கு வேலை கொடுக்கத்தான்.

1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பிறகு ராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1984ல் யுத்தத்தால் நின்றது. குடியுரிமைச் சட்டமும் விசாக் கட்டுப்பாடும் நம் சபுராளிகளையும் கடையை விற்றுவிட்டு ஊர் திரும்ப வைத்தன. நாடற்றவர்களாய் எஞ்சியவர்களுக்கு 2003ல்தான் இலங்கைக் குடியுரிமை முழுமையாய் வந்தது.

இப்போது எப்படிப் போவது?

2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது. கடலில் சுமார் நான்கு மணி நேரம். மழைக்காலத்தில் நிறுத்திவிடுவதுண்டு. காங்கேசன்துறையிலேயே ரயில் ஸ்டேஷன் இருக்கிறது. யாழ்ப்பாணம், வவுனியா, அனுராதபுரம் வழியாக வந்து பொல்காவலை ஜங்ஷனில் மாறினால் மலைநாட்டுப் பாதை. ஒரே மூச்சில் போகாமல் இடையில் ஓர் இரவு தங்குவது, வயதானவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் நல்லது.

ஒன்றை மட்டும் அவசியம் கவனியுங்கள். 2025 நவம்பர் கடைசியில் வந்த 'டித்வா' புயலில் மலைநாடு பெரிதும் பாதிக்கப்பட்டது. இலங்கை முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் மௌத்தானார்கள். மண்சரிவில் ரயில் பாதையும் பல இடங்களில் சிதைந்தது. கிளம்புமுன், கப்பல் ஓடுகிறதா, ரயில் எந்த ஊர் வரை போகிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். ரயில் போகாத இடத்துக்கு பஸ் இருக்கும். அப்படிப் போகும்போது, புயலில் வீடிழந்த குடும்பங்களுக்கு உங்கள் ஸதக்காவில் ஒரு பங்கை ஒதுக்குங்கள். ஹட்டனிலோ நுவரெலியாவிலோ பள்ளிவாசலில் கேட்டால் வழி சொல்வார்கள்.

பெண்களுக்குச் சில குறிப்புகள்

கணவர், மகன், சகோதரர் என்று மஹ்ரமானவர்களோடு குடும்பமாகப் புறப்படுங்கள். முன்பதிவு ஒரு மாதத்துக்கு முன்பே தொடங்கிச் சீக்கிரம் தீர்ந்துவிடும். பதிவில்லாத பெட்டியில் நெருக்கடி அதிகம். கைக்குழந்தையோடு ஏற வேண்டாம்.

சிறிய தண்ணீர்க் குடுவை ஒன்று கையில் இருந்தால் ஒளுவுக்கும் சுத்தத்துக்கும் உதவும். ரயில் குழாயை நம்ப வேண்டாம். நான்கு ரக்அத் தொழுகையைச் சுருக்கும் சலுகை முசாபிருக்கு உண்டு. சேர்த்துத் தொழுவதில் ஷாஃபி, ஹனஃபி மத்ஹபுகளுக்கு வேறுபாடு இருப்பதால் உங்கள் ஊர் ஆலிமிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இலங்கையில் கிப்லா மேற்குக்குச் சற்று வடக்கே. மலைப் பாதையோ திசை மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே திசைகாட்டி ஒன்று வைத்திருப்பது நல்லது.

ஸ்டேஷனில் வடையும் கடலையும் விற்பார்கள். ஹலால் சந்தேகம் வராதிருக்க, முதல் நாளுக்கு வீட்டிலிருந்தே ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொள்ளுங்கள். ஸ்வெட்டர் மறக்காதீர்கள், நுவரெலியாவில் இரவுக் குளிர் கடுமை. வாசலில் தொங்கியபடி படம் எடுக்கும் சுற்றுலாக்காரர்களைப் பார்த்து உங்கள் பிள்ளைகளும் ஆசைப்படுவார்கள். குகைச் சுவரில் மோதியும் விழுந்தும் உயிர் போனதுண்டு. கண்டிப்பாக அனுமதிக்காதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். புறப்படுவதற்கு முன்னால் உங்கள் வீட்டிலுள்ள வயதான பெண்மணியிடம் போய் உட்காருங்கள். அவர் கணவரோ வாப்பாவோ எந்த ஊரில், எந்தத் தெருவில் கடை வைத்திருந்தார், யாரோடு பங்கு, யாருக்காவது கொடுக்க வேண்டிய கடன் பாக்கி இருந்ததா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இன்னும் சில வருடம் போனால் இதைச் சொல்ல ஆள் இருக்காது. நடக்க முடிகிறவராக இருந்தால் அவரையும் கூட்டிச் செல்லுங்கள். எழுபது வயதில் முதல் தடவையாக அந்த ரயிலின் சன்னல் ஓரத்தில் அவர் உட்காரட்டும். முடியாதவராக இருந்தால் திரும்பி வந்து, பார்த்ததை ஒன்று விடாமல் அவரிடம் சொல்லுங்கள்.

முசாபிரின் துஆவுக்கு அல்லாஹ்விடம் தனி மதிப்பு உண்டு என்று நபிமொழி சொல்கிறது. சிங்கமலைக் குகையைத் தாண்டி வெளிச்சம் வரும்போது, அந்த வழியில் போய்த் திரும்பாதவர்களுக்காகவும், அவர்களுக்காகக் காத்திருந்த பெண்களுக்காகவும் ஒரு துஆ கேளுங்கள். வஸ்ஸலாம்.