மலைக்கு மேல ஒரு ஏரி!

குட்டீஸ்... ராஜகுளம், உத்திரமேரூர் பக்கம் இருக்கிற உங்களுக்கு ஏரியைப் பற்றிப் பாடம் எடுக்கவே தேவையில்லை. ஊர் பேரிலேயே குளம் இருக்கிறதே! ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழையை ஏரி பிடித்து வைத்துக்கொள்கிறது. மழை நின்ற பிறகு மதகு வழியாக வயலுக்கு அனுப்புகிறது.

சரி, ஒரு கேள்வி. மலைக்கு ஏரி உண்டா?

உண்டு! ஆனால் அதற்குக் கரையும் கிடையாது, மதகும் கிடையாது. அதைப் பார்க்க நீலகிரிக்குப் போய் நடக்க வேண்டும். வாங்க, கிளம்பலாம்!

ஏற ஏறக் குளிரும்

மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் கை கோர்க்கும் இடம் நீலகிரி. இங்கே உயரமான சிகரம் தொட்டபெட்டா. 'பெரிய மலை' என்று அர்த்தம். உயரம் 2,637 மீட்டர். காஞ்சிபுரமோ கடல் மட்டத்திலிருந்து சுமார் 80 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது.

ஒரு கணக்குப் போடலாமா? ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 6.5 டிகிரி குறையும். அப்படியென்றால், உங்கள் ஊரில் 38 டிகிரி வெயில் கொளுத்தும்போது, தொட்டபெட்டா உச்சியில் 21 டிகிரிக்குப் பக்கத்தில்தான் இருக்கும். ஸ்வெட்டர் எதற்கு என்று இப்போது புரிகிறதா?

மரம் எங்கே போச்சு?

ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் மலை இருக்கிறது அல்லவா? அங்கே ஓர் உயரத்துக்கு மேல் குளிர் தாங்காமல் மரங்கள் நின்றுவிடும். அதற்கு மேல் வெறும் புல்வெளிதான்.

நீலகிரியின் உச்சிப் பகுதியில் இன்னும் வேடிக்கை. மலைச்சரிவு முழுக்கப் பச்சைக் கம்பளம் விரித்தது போலப் புல். இரண்டு சரிவுகள் சேரும் மடிப்புகளில் மட்டும் குட்டை மரங்கள் நெருக்கியடித்து நிற்கும். இந்தக் குட்டிக் காட்டுக்குப் பெயர் 'சோலை'.

ஏன் இப்படி? மார்கழி, தை மாத இரவுகளில் திறந்தவெளியில் உறைபனி விழும். அந்தப் பனியில் மரக்கன்றுகள் கருகிவிடும். புல்லோ வேரைக் காப்பாற்றிக்கொண்டு மறுபடி துளிர்க்கும். மடிப்புக்குள் இருக்கும் சோலைக்கு அவ்வளவு பனி தாக்காது.

இந்தப் புல்வெளியில்தான் 12 வருடங்களுக்கு ஒரு முறை நீலக்குறிஞ்சி பூக்கும். கடைசியாகப் பெரிய அளவில் பூத்தது 2018-ல். அடுத்தது எப்போது? நீங்களே கூட்டிப் பாருங்கள்!

இதுதான் அந்த ஏரி!

2019 ஆகஸ்ட் மாதம் நீலகிரியில் உள்ள அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. காஞ்சிபுரம் பக்கம் ஒரு வருடம் முழுக்கப் பெய்வதே ஏறக்குறைய 120 சென்டிமீட்டர்தான்!

இவ்வளவு தண்ணீரும் மொட்டைப் பாறையில் விழுந்தால், மண்ணையும் வாரிக்கொண்டு ஒரே ஓட்டமாக ஓடிவிடும். ஆனால் புல்லின் வேர்கள் மண்ணை இறுகப் பிடித்துக்கொள்கின்றன. சோலைக்குள் மட்கிய இலைகளும் பாசியும் மெத்தை போலக் கிடக்கின்றன. மழைநீரை உறிஞ்சி வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய விடுகின்றன. அதனால்தான் மழை இல்லாத மாதங்களிலும் அங்கே ஓடைகள் ஓடுகின்றன.

அந்த ஓடைகள் சேர்ந்து பிறக்கும் ஆறுகளில் ஒன்று பவானி. அது கேரளாவுக்குள் போய், வளைந்து திரும்பித் தமிழ்நாட்டுக்கே வந்து, பவானி ஊரில் காவிரியோடு கலக்கிறது. மலைப் புல் பிடித்து வைத்த தண்ணீர், எங்கேயோ ஒரு வயலில் நெல்லாகிறது!

புல் போனால்?

19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்கள் விறகுக்கும் தோல் பதனிடுவதற்கும் ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரத்தைக் கொண்டுவந்து நட்டார்கள். தைல மரமும் வந்தது. 'மரம் நட்டால் நல்லதுதானே?' என்று கேட்பீர்கள். எல்லா இடத்திலும் இல்லை! சீகை வேகமாகப் பரவிப் புல்வெளியை விழுங்கியது. புல்லைவிட அதிகமாகத் தண்ணீரையும் குடிக்கிறது.

நம் மாநில விலங்கான வரையாட்டுக்கும் இதனால் கஷ்டம். செங்குத்தான பாறையில் தாவி ஏறும் அதற்கு, மேய்வதற்குத் திறந்த புல்வெளி வேண்டும். 2025-ல் கணக்கெடுத்தபோது தமிழ்நாட்டில் 1,303 வரையாடுகளே இருந்தன. இப்போது சீகையை அகற்றிப் புல்லைத் திரும்பக் கொண்டுவரும் வேலை நடக்கிறது.

நடக்கத் தயாரா?

முதல் நடைக்குக் கோத்தகிரி பக்கத்தில் உள்ள லாங்வுட் சோலை ரொம்பப் பொருத்தம். சுற்றியுள்ள கிராமங்களுக்குத் தண்ணீர் கொடுப்பதே இந்தச் சோலைதான்.

தமிழக அரசு 2024 அக்டோபரில், மாநிலம் முழுக்க 40 மலையேற்றப் பாதைகளைத் தேர்ந்தெடுத்து ஒரு திட்டம் தொடங்கியது. பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் உடன் வருவார்கள். ஏன் இத்தனை ஏற்பாடு? 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போன 23 பேர் காட்டுத்தீயில் சிக்கி இறந்துபோனார்கள். காய்ந்த புல்லில் தீ, நாம் ஓடுவதைவிட வேகமாக ஓடும். அதனால் கோடையில் பாதைகளை மூடிவிட்டால், 'ஐயோ, போச்சே' என்று வருந்தாதீர்கள்.

மனசுல வெச்சுக்கோங்க!

* வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் போகவே கூடாது. அப்பா, அம்மா சம்மதம் கட்டாயம்.

* பாதையை விட்டு விலகிப் புல்லை மிதிக்காதீர்கள்.

* வீட்டிலிருந்தே பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோங்கள். நீலகிரியில் ஒரு முறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை.

* காட்டெருமை தெரிந்தால் சத்தம் போடாமல் நில்லுங்கள். வழிகாட்டி சொல்வதைக் கேளுங்கள். செல்ஃபி வேண்டவே வேண்டாம்!

உத்திரமேரூர் கோவில் கல்வெட்டைப் பார்த்திருக்கிறீர்களா? ஏரியைக் கவனித்துக்கொள்ள 'ஏரி வாரியம்' என்று ஒரு குழுவே அமைத்ததை, ஆயிரத்து நூறு வருடங்களுக்கு முன்பே அதில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். ஏரியைக் காத்தவர்களின் ஊர்க்காரர்கள் நீங்கள். மலைக்குப் போகும்போது, அந்த ஏரிக்கும் நீங்கள்தான் வாரியம். சரியா குட்டீஸ்?