கரட்டுப்பாதை மோட்டார் சைக்கிளின் ஹேண்டில் நிலைத்தன்மை

கரட்டுப்பாதை மோட்டார் சைக்கிளின் ஹேண்டில் நிலைத்தன்மை என்பது, கல், மணல், சேறு, பள்ளம் ஆகியவை நிறைந்த பாதையில் முன்சக்கரம் ஓட்டுநர் நினைத்த திசையிலேயே தொடர்ந்து செல்லும் தன்மையைக் குறிக்கும். இத்தன்மை குறையும்போது ஹேண்டில் இடமும் வலமுமாக வேகமாக உதறும். ஆங்கிலம் பேசும் ஓட்டுநர்கள் இதனை 'ஹெட் ஷேக்' என்பர். நம் ஊர் மெக்கானிக்குகள் 'ஹேண்டில் ஆட்டம்' அல்லது 'வாப்ளிங்' என்பார்கள். இதனைக் குறைப்பதற்காகத் தயாரிப்பாளர் பொருத்தித் தராத பாகங்களைப் பின்னர் வாங்கி மாட்டுவது உண்டு. அவை ஆஃப்டர்மார்க்கெட் பாகங்கள் எனப்படுகின்றன. ஸ்டீயரிங் டேம்பர், டி-ஸ்டெம், டேப்பர் ரோலர் பேரிங், அகலமான ஹேண்டில்பார், மாற்று ஸ்பிரிங் ஆகியவை இவற்றுள் முக்கியமானவை.

இப்பாகங்களில் எது எந்தக் குறையைத் தீர்க்கும் என்று அறியாமல் வாங்கினால் பணம் வீணாவதோடு ஆபத்தும் நேரலாம். ஆகவே முதலில் அடிப்படையைப் பார்ப்போம்.

வண்டி நேராகச் செல்வது எப்படி?

மருத்துவமனைத் தள்ளுவண்டியின் சிறு சக்கரத்தைக் கவனித்திருப்பீர்கள். வண்டியை எந்தப் பக்கம் தள்ளினாலும் அச்சக்கரம் தானாகவே திரும்பித் தன் சுழல் அச்சுக்குப் பின்னால் வந்து நிற்கும். மோட்டார் சைக்கிளின் முன்சக்கரமும் இவ்விதமே வேலை செய்கிறது. ஹேண்டில் திரும்பும் அச்சைக் கீழ்நோக்கி நீட்டினால் அது தரையை ஓரிடத்தில் தொடும். டயர் தரையைத் தொடும் இடம் அதற்குச் சற்றுப் பின்னால் இருக்கும். இவ்விரு இடங்களுக்கும் உள்ள தூரமே ட்ரெயில் ஆகும். சக்கரம் பக்கவாட்டில் திரும்பினால், இந்தத் தூரம் நெம்புகோலாக இருந்து அதனை மீண்டும் நேராக்குகிறது.

ஹேண்டில் அச்சு செங்குத்திலிருந்து பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு ரேக் கோணம் எனப்படும். மோட்டோகிராஸ் வண்டிகளில் இது பெரும்பாலும் 26 முதல் 28 பாகை வரை இருக்கும். அச்சுக்கு முன்னால் சக்கரத்தின் மையம் தள்ளி நிற்கும் தூரம் ஆஃப்செட் ஆகும். கோணம் கூடினால் ட்ரெயில் கூடும். ஆஃப்செட் கூடினால் ட்ரெயில் குறையும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். சக்கரத்தின் ஆரம் டயரையும் சேர்த்து 345 மி.மீ., ரேக் கோணம் 27 பாகை, மொத்த ஆஃப்செட் 55 மி.மீ. என்று கொள்வோம். ஆரத்தைக் கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்கி, ஆஃப்செட்டைக் கழித்து, வருவதைக் கொசைன் மதிப்பால் வகுக்க வேண்டும். விடை சுமார் 114 மி.மீ. ஆஃப்செட்டை மட்டும் 2 மி.மீ. குறைத்தால் ட்ரெயில் சுமார் 116 மி.மீ. ஆகிறது. இவ்வளவு சிறிய மாற்றத்தையும் பழகிய ஓட்டுநரின் கை உணரும்.

உதறல் ஏன் வருகிறது?

முன்சக்கரம், ஃபோர்க், ஹேண்டில் மூன்றும் சேர்ந்து ஊசல் போன்ற ஓர் அமைப்பு. ஒரு கல் சக்கரத்தை ஒரு பக்கம் தள்ளினால் ட்ரெயில் அதனை மையத்துக்கு இழுக்கிறது. அந்த வேகத்தில் சக்கரம் மையத்தைத் தாண்டி மறுபக்கம் போகிறது. உராய்வும் டயரின் பிடிப்பும் போதுமானதாக இருந்தால் ஆட்டம் இரண்டு மூன்று அசைவில் அடங்கிவிடும். இல்லையெனில் அது வளர்ந்து வினாடிக்கு ஏறத்தாழ 4 முதல் 10 முறை வரை உதறும். அந்த வேகத்தைக் கையால் அடக்க முடியாது. கை இறுகப் பிடிப்பதால் ஆட்டம் சில நேரம் அதிகமாகவும் செய்யும்.

வேகமாக வந்து பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்கிறது. ஃபோர்க் அமுங்குகிறது, பின்புறம் எழுகிறது, ரேக் கோணம் குறைகிறது, ட்ரெயிலும் குறைகிறது. பலருக்கும் உதறல் இந்தக் கட்டத்தில் தொடங்குவதன் காரணம் இதுவே. மணலில் நிலைமை வேறு. அங்கே சக்கரம் புதைந்து, மணல் அதனைப் பக்கவாட்டில் தள்ளுவதால் ஹேண்டில் கையை விட்டுப் பிடுங்கிக்கொண்டு போகும்.

வாங்குவதற்கு முன் சரிபார்க்க வேண்டியவை

கோன்செட்: வண்டியைத் தாங்கியில் நிறுத்தி முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கவும். ஃபோர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் அசைக்கவும். 'டக்' என்று ஆட்டம் தெரிந்தால் கோன்செட் தளர்ந்துள்ளது. பின்பு ஹேண்டிலை மெதுவாக இருபுறமும் திருப்பவும். நடுவில் பள்ளத்தில் விழுவது போல ஓரிடத்தில் நின்றால் குண்டுகள் ஓடும் தடம் தேய்ந்துவிட்டது என்று பொருள். அளவுக்கு மேல் இறுக்குவதும் தவறு. இறுகிய கோன்செட் குறைந்த வேகத்தில் வண்டியை வளைந்து வளைந்து ஓடச் செய்யும்.

சக்கரமும் டயரும்: கம்பிகள் தளர்ந்திருக்கின்றனவா, ரிம் நெளிந்துள்ளதா, டயர் ரிம்மில் சீராக உட்கார்ந்துள்ளதா என்று பார்க்கவும். மோட்டோகிராஸ் ஓட்டுநர்கள் பெரும்பாலும் 12 முதல் 15 பி.எஸ்.ஐ. வரை காற்று வைப்பர். சாலையிலும் ஓடும் கனமான வண்டிக்கு இந்த அளவு பொருந்தாது. அதற்கு வண்டியின் கையேட்டில் உள்ள அளவே தொடக்கம்.

ஃபோர்க் நேர்கோடு: முன் அச்சை இறுக்கிய பின், பிஞ்ச் போல்ட்டுகளை இறுக்கும் முன், முன்பிரேக்கைப் பிடித்தபடி ஃபோர்க்கைச் சில முறை அமுக்கிவிட வேண்டும். இதனால் இரு குழாய்களும் தம் இயல்பான இடத்துக்கு வரும். காசு செலவில்லாத இந்த வேலை பலமுறை மறக்கப்படுகிறது.

சாக் அளவு: ஓட்டுநர் முழு உடுப்புடன் அமரும்போது, பின்சக்கர அசைவில் அளக்கையில், பின் சஸ்பென்ஷன் அமுங்கும் அளவு சாக் ஆகும். சுமார் 300 மி.மீ. அசைவுள்ள மோட்டோகிராஸ் வண்டியில் இது பொதுவாக 100 முதல் 105 மி.மீ. வரை, அதாவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அளவு குறைந்தால் பின்புறம் உயர்ந்து ரேக் கோணம் குறையும், வேகத்தில் உதறல் வரும். அளவு மிகுந்தால் முன்சக்கரம் எடை குறைந்து வளைவில் வெளியே வழுக்கும்.

ஃபோர்க் உயரம்: டி-ஸ்டெம்முக்கு மேல் ஃபோர்க் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும் அளவும் முக்கியம். மேலே சொன்ன கணக்கில், குழாயை 5 மி.மீ. மேலே ஏற்றினால் ட்ரெயில் சுமார் 1 மி.மீ.க்குச் சற்று மேலாகக் குறையும். உதறல் உள்ள வண்டியில் குழாயைச் சற்றுக் கீழே இறக்கிப் பார்ப்பது முதல் சோதனை.

ஆஃப்டர்மார்க்கெட் பாகங்கள்

ஸ்பிரிங்: ஓட்டுநரின் எடைக்குத் தொழிற்சாலை ஸ்பிரிங் பொருந்தாவிட்டால் எத்தனை திருகினாலும் சாக் அளவு சரியாக வராது. எடைக்கு ஏற்ற ஸ்பிரிங் மாற்றுவதே தீர்வு. நிலைத்தன்மைக்காகச் செய்யும் செலவுகளில் முதலிடம் இதற்கே தரலாம்.

டேப்பர் ரோலர் பேரிங்: குண்டுகள் உள்ள கோன்செட்டில் சுமை சிறு புள்ளிகளில் விழுகிறது. கூம்பு வடிவ உருளைகளில் அது ஒரு கோட்டில் பரவுகிறது. ஆதலால் பள்ளங்களில் அடிபட்டாலும் தடம் எளிதில் குழியாகாது.

டி-ஸ்டெம்: ஆஃப்செட் மாறிய டி-ஸ்டெம் ட்ரெயிலை மாற்றும். ஆஃப்செட்டைக் குறைத்தால் நேராகச் செல்லும் தன்மை கூடும், ஹேண்டில் சற்றுக் கனக்கும்.

ஹேண்டில்பார்: கைகளின் இடைவெளி 720 மி.மீ.இலிருந்து 800 மி.மீ. ஆனால், அதே திருப்புவிசைக்குத் தேவைப்படும் கைவலு பத்தில் ஒரு பங்கு குறையும். ஆனால் மரங்களுக்கிடையே நுழையும் பாதையில் அகலம் தடையாகும்.

ஸ்டீயரிங் டேம்பர்: அலுவலகக் கதவுகளின் மேல் பொருத்தப்படும் கருவியை நினைத்துக்கொள்ளுங்கள். மெல்லத் தள்ளினால் கதவு எளிதில் அசையும். வேகமாக அறைந்தால் உள்ளிருக்கும் எண்ணெய் சிறு துளை வழியே போக முடியாமல் தடுக்கும். டேம்பரும் இதே தத்துவத்தில் இயங்குகிறது. அது சக்கரத்தை நேராக்குவதில்லை, வேகமான அசைவை மட்டும் எதிர்க்கிறது. இதில் இரு வகைகள் உண்டு. ஒன்று நீண்ட குழாய் வடிவம். ஹோண்டா நிறுவனம் 2008ஆம் ஆண்டு மாதிரி சி.ஆர்.எஃப். 450 ஆர் வண்டியில் தொழிற்சாலையிலேயே பொருத்திய டேம்பர் இவ்வகையைச் சார்ந்தது. மற்றொன்று ஹேண்டிலின் நடுவில் அமரும் சுழல் வகை. ஸ்காட்ஸ் நிறுவனம் விற்கும், ஓலின்ஸ் தயாரிப்பான டேம்பர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கரட்டுப்பாதைக்கான சில டேம்பர்கள் மையத்தை விட்டு விலகும் அசைவை மட்டும் தடுத்து, மையத்துக்குத் திரும்பும்போது தடையின்றி விடும்.

பாகங்கள் ஒன்றோடொன்று இணைந்தவை

ஒரு பாகத்தை மாற்றினால் மற்றவையும் மாறும். ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 வண்டிக்கு அந்நிறுவனமே விற்ற ராலி தொகுப்பு இதனை விளக்கும். சாதாரண வண்டியில் சஸ்பென்ஷனின் அசைவு முன்புறம் 190, பின்புறம் 170 மி.மீ. தொகுப்பில் அவை 250, 220 மி.மீ. ஆகின்றன. முன்பின் இரண்டையும் சேர்த்தே உயர்த்தியதோடு ஹேண்டில் ரைசரும் நீளமான பக்கத் தாங்கியும் அதில் அடக்கம். முன்புறத்தை மட்டும் உயர்த்தினால் ரேக் கோணம் கூடி, வளைவில் வண்டி திரும்ப மறுக்கும். பின்புறத்தை மட்டும் உயர்த்தினால் உதறலை நாமே வரவழைத்தது போலாகும்.

டேம்பர் பொருத்தும் முறை

பொருத்திய பின் ஹேண்டிலை இரு பக்கமும் முழுமையாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். எங்கும் முட்டக் கூடாது. கிளட்ச், ஆக்சிலேட்டர் கேபிள்களும் பிரேக் குழாயும் இழுபடக் கூடாது. ஓடும்போது டேம்பர் பாதியில் சிக்கினால் விழுவதைத் தவிர வேறு வழியில்லை. ஆகவே இச்சோதனையை ஒருபோதும் தவிர்க்கக் கூடாது.

தடையை முதலில் மிகக் குறைந்த அளவில் வைத்து, பழகிய பாதையில் ஓட்டி, ஒன்றிரண்டு 'கிளிக்' மட்டும் கூட்டிக்கொண்டே போக வேண்டும். தடை மிகுந்தால் குறைந்த வேகத்தில் சமநிலை காக்கத் தேவையான சிறு திருப்பங்களையும் அது எதிர்க்கும். வண்டி தள்ளாடும், தோள் களைக்கும்.

டேம்பர் மறைக்கும் குறைகள்

டேம்பர் நன்றாக வேலை செய்யும் என்பதே அதில் உள்ள ஆபத்து. தேய்ந்த கோன்செட், தளர்ந்த கம்பி, நெளிந்த ரிம் ஆகியவை முதலில் உதறலாகவே தம்மைக் காட்டிக்கொள்கின்றன. டேம்பர் அந்த அறிகுறியை அடக்கிவிடும், நோய் உள்ளே வளரும். காய்ச்சலுக்கு மாத்திரை போட்டுக்கொண்டு காரணத்தைத் தேடாமல் விடுவதற்கு இது சமம். இதனால்தான் மேலே சொன்ன சோதனைகள் எல்லாம் முடிந்த பிறகே டேம்பர் வாங்க வேண்டும். அந்நிலையில் அது கல்லும் மணலும் தரும் எதிர்பாராத அடியிலிருந்து மணிக்கட்டையும் தோளையும் காக்கும் நல்ல துணையாக இருக்கும்.

சட்டமும் ஓட்டுமுறையும்

இந்தியாவில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் மாறும்படி வாகனத்தைத் திருத்தி அமைப்பதைத் தடை செய்கிறது. சாலையிலும் ஓடும் வண்டியில் ஃபிரேமை வெட்டுவது, பற்றவைப்பது போன்ற வேலைகளில் இறங்கக் கூடாது. போல்ட் போட்டு மாட்டிக் கழற்றக்கூடிய பாகங்களைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

எந்தப் பாகம் இருந்தாலும் ஓட்டுநரின் உடல்நிலைக்கு ஈடில்லை. உதறல் தொடங்கினால் ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காமல், முழங்கால்களால் டேங்கை அணைத்து, உடலைச் சற்றுப் பின்னால் கொண்டுபோக வேண்டும். பிரேக்கைத் திடீரென்று பிடிக்காமல் ஆக்சிலேட்டரைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். நின்ற பிறகு முதலில் பார்க்க வேண்டியது கோன்செட், பிறகு சக்கரம், அதன் பின் சாக் அளவு. பாகம் விற்கும் கடைக்குப் போவது அதற்கும் அடுத்த வேலை.