கல்லூரியிலிருந்தே தொழில்: எந்தப் பணம், எப்போது?

தொழில்முனைவோர் மன்றம் இல்லாத பொறியியல் கல்லூரி இன்று அரிது. ஆண்டுக்கொரு போட்டி நடக்கும். பத்து ஸ்லைடில் திட்டத்தை அழகாகச் சொன்னவருக்குக் காசோலையும் கேடயமும் கிடைக்கும். மறுநாள் அந்த மாணவருக்கு வரும் சந்தேகம், "தொழிலுக்குப் பணம் எங்கே வாங்குவது?" என்பது. எவ்வளவு வேண்டும், எதற்கு வேண்டும் என்பதை அதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். சொந்தக் காசு, வங்கிக் கடன், அரசு மானியம், முதலீட்டாளர் பணம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வொன்றும் தொழிலின் ஒரு கட்டத்துக்குத்தான் பொருந்தும்.

முதலில் ஒரு பாக்கெட் கணக்கு

மூன்றாமாண்டு மாணவி ஒருவர் சிறுதானிய முறுக்கு போட்டுக் கடைகளுக்குக் கொடுக்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பாக்கெட் விலை 50 ரூபாய். மாவு, எண்ணெய் 22 ரூபாய். கவர், லேபிள் 4. கேஸ், வண்டிச் செலவு 6. கடைக்காரர் கமிஷன் 10. உடைந்தும் நமத்தும் திரும்பி வருவதற்கு 2. ஆக 44 ரூபாய் போக, நிற்பது 6 ரூபாய்.

வாடகைக்கும் உதவியாளர் சம்பளத்துக்கும் மாதம் 9,000 ரூபாய் ஆகிறது என்றால், 1,500 பாக்கெட் விற்றால்தான் கைநட்டம் இருக்காது. அதாவது, நாளொன்றுக்கு 50 பாக்கெட். ஊரில் எத்தனை கடை, ஒரு கடையில் நாளுக்கு எத்தனை போகும் என்று இரண்டு வாரம் சுற்றிப் பார்த்தாலே இது நடக்குமா என்று தெரிந்துவிடும்.

பெரும்பாலானோர் சறுக்குவது அடுத்த இடத்தில். கடைக்காரர் சரக்கை இன்று எடுத்துக்கொள்வார். பணத்தை ஒரு மாதம் கழித்துத்தான் தருவார், தன் கமிஷனைக் கழித்துக்கொண்டு. அதுவரை பாக்கெட்டுக்கு 32 ரூபாய் வீதம் 48,000 ரூபாயும், வாடகை, சம்பளமாக 9,000 ரூபாயும், ஆக 57,000 ரூபாய் கையிலிருந்து போயிருக்கும். லாபமும் இல்லை, நட்டமும் இல்லை; ஆனாலும் அவ்வளவு பணம் வெளியே நிற்கிறது. இதற்குப் பெயர்தான் நடைமுறை மூலதனம். இயந்திரம் வாங்கும் பணத்தை எல்லாரும் கணக்கில் சேர்ப்பார்கள்; இதை விட்டுவிடுவார்கள்.

முதல் கட்டம்: சொந்தக் காசு

வாடிக்கையாளர் கிடைப்பாரா என்று தெரியாத நிலையில் கடன் வாங்கக் கூடாது. முறுக்கை முதலில் விடுதியிலும் துறை விழாவிலும் ரொக்கத்துக்கு விற்றுப் பார்க்கலாம். உணவுப் பொருள் என்பதால் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு மட்டும் முன்கூட்டியே வேண்டும். தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொள்வதும் அவசியம். வீட்டுச் செலவும் கடை வரவும் ஒரே ஜிபே எண்ணில் கலந்து கிடந்தால் வங்கிக்குக் காட்ட எதுவும் இருக்காது.

இரண்டாம் கட்டம்: கடனும் மானியமும்

விற்பனை நிச்சயம் என்று தெரிந்த பிறகு, இயந்திரத்துக்கும் நடைமுறை மூலதனத்துக்கும் வங்கிக் கடன் பொருந்தும். முத்ரா திட்டத்தில் 50,000 ரூபாய் வரை 'சிசு', 5 லட்சம் வரை 'கிஷோர்', 10 லட்சம் வரை 'தருண்' என்று பிரிவுகள் உண்டு. குறு, சிறு தொழிலுக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குச் சொத்து அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதற்காகக் கேட்டதும் கடன் கிடைத்துவிடாது. கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் ஸ்கோரையும் வங்கி பார்க்கும்; கல்விக் கடன் தவணை நிலுவையில் இருந்தால் அது அடிபடும்.

மானியத்தைப் பற்றித்தான் தவறான எண்ணங்கள் அதிகம். மத்திய அரசின் பிஎம்இஜிபி திட்டத்தை எடுத்துக்கொள்வோம். கிராமத்தில் 10 லட்சம் ரூபாய்க்குத் தொழில் தொடங்கும் பெண்ணுக்கு மானியம் 35 சதவீதம், அதாவது 3.5 லட்சம். அவர் போட வேண்டியது 5 சதவீதம், 50,000 ரூபாய். மீதி 9.5 லட்சத்தையும் வங்கி கடனாகத் தரும். மானியத் தொகை அவர் கைக்கு வராது. வங்கியில் அவர் பெயரில் மூன்றாண்டு வைப்பாகக் கிடக்கும். அதற்கு வட்டி இல்லை. கடனில் அதே அளவு தொகைக்கும் வட்டி போடுவதில்லை. தொழில் நடப்பதை நேரில் பார்த்து உறுதிசெய்த பிறகே அது கடனில் கழியும். இடையில் கதவைச் சாத்தினால் மானியம் போய்விடும். இந்த மானியம் புதிய தொழிலுக்கு மட்டும்தான். இயந்திரம் வாங்கி யூனிட்டை ஓட்டத் தொடங்கிவிட்டுப் போய் நின்றால் கிடைக்காது.

தமிழக அரசின் நீட்ஸ், யுஒய்இஜிபி திட்டங்களும் உண்டு. வரம்புகள் அவ்வப்போது மாறும் என்பதால் மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் கேட்பதே நல்லது. உத்யம் பதிவு இணையத்தில் இலவசம். இடைத்தரகருக்குக் காசு தர வேண்டாம். அந்தப் பதிவுள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்குச் சரக்கு வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது.

மூன்றாம் கட்டம்: பங்குக்குப் பணம்

முதலீட்டாளர் பணத்துக்குத் தவணை கிடையாது. பதிலாகப் பங்கு கேட்பார். 20 சதவீதப் பங்குக்கு 20 லட்சம் தருகிறார் என்றால், அந்தப் பணத்தையும் சேர்த்து நிறுவனத்தின் மதிப்பு 1 கோடி என்று அர்த்தம். சில ஆண்டுகளில் அது பல மடங்காக வேண்டும் என்பது அவர் எதிர்பார்ப்பு. மென்பொருள், மருத்துவக் கருவி போன்றவற்றுக்கு அது பொருந்தலாம். மாதம் நிதானமாக லாபம் தரும் முறுக்கு யூனிட்டுக்கு அவர் தேவையில்லை. அவருக்கும் அது தேவைப்படாது.

நண்பர்கள் சேர்ந்தால்

மூன்று பேர் சரிசமமாகப் பங்கு பிரித்துக்கொண்டு தொடங்குவார்கள். இறுதியாண்டில் ஒருவருக்கு கேம்பஸ் இன்டர்வியூவில் வேலை கிடைத்துவிடும். அவருடைய பங்கு என்னாகும்? ஒவ்வோராண்டு உழைப்புக்கும் இவ்வளவு பங்கு சேரும், பாதியில் போனால் மீதி திரும்பும் என்று முதல் நாளே எழுதிக் கையெழுத்திட வேண்டும். சாதாரணக் கூட்டு நிறுவனத்தில் ஒருவர் தொழிலுக்காகப் பட்ட கடனுக்கு மற்றவரின் சொந்தச் சொத்தும் பொறுப்பு. எல்எல்பி அல்லது பிரைவேட் லிமிடெட் என்றால் அந்த ஆபத்து குறைவு.

கல்லூரி செய்ய வேண்டியது

அமெரிக்காவின் பாப்சன் கல்லூரியில் முதலாண்டு மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து கல்லூரியிடமே கடன் வாங்கி உண்மையான தொழில் நடத்துவார்கள். கடனை அடைத்துவிட்டு, லாபத்தைப் பொதுச்சேவைக்குத் தருவார்கள். தொகை சிறியதுதான்; ஆனால் திருப்பித் தர வேண்டிய பணம் என்பதால் விலை போடுவதிலும் பாக்கி வசூலிப்பதிலும் கவனம் வந்துவிடும். பரிசுப் பணம் அதைக் கற்றுத்தராது. மத்திய அரசின் 2019 புத்தொழில் கொள்கை, தொழில் நடத்தும் மாணவருக்கு வருகைப்பதிவு குறைந்தாலும் அனுமதியோடு தேர்வெழுத வழிவிடுகிறது. போட்டிக்குச் செலவிடும் தொகையைச் சுழல்கடனாக மாற்றவும், கணக்குப் புத்தகத்தைப் பார்த்து மதிப்பெண் போடவும் கல்லூரி நிர்வாகம் முடிவெடுத்தால் போதும்.