கோஷே நோய்: இரு பரிசோதனைகள் ஏன்?

குழந்தையின் மண்ணீரல் வீங்கி, இரத்தசோகையும் தட்டணுக் குறைவும் சேர்ந்து காணப்படும்போது மருத்துவர் ஐயுறும் நோய்களுள் கோஷே நோயும் ஒன்று. 1882ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு மருத்துவர் பிலிப் கோஷே இதனை முதன்முதலில் விவரித்தார்.

நம் உயிரணுக்களில் லைசோசோம் எனப்படும் நுண்ணிய பைகள் உள்ளன. பயன் முடிந்த பொருள்களை அவற்றிலுள்ள நொதிகள் சிதைக்கின்றன. கோஷே நோயில் குளுக்கோசெரிப்ரோசிடேஸ் என்னும் நொதி குறைவதால், ஒருவகைக் கொழுப்பு சிதையாமல் மண்ணீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றில் தேங்குகிறது.

முதலாவது, நொதிப் பரிசோதனை. இரத்த வெள்ளை அணுக்களில் அந்நொதியின் செயல்திறன் அளக்கப்படுகிறது. அது மிகக் குறைந்திருந்தால் நோய் உறுதியாகிறது.

இரண்டாவது, மரபணுப் பரிசோதனை. "நோய்தான் தெரிந்துவிட்டதே, இது எதற்கு?" எனப் பெற்றோர் வினவுவது இயல்பு. நொதிப் பரிசோதனை குழந்தையின் நோயைக் கூறும். மரபணுப் பரிசோதனை குடும்பத்திற்கும் வழி காட்டும்.

ஜிபிஏ1 என்னும் மரபணு தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரு பிரதிகளாக நமக்கு வருகிறது. இரண்டும் பழுதுற்றால்தான் இந்நோய் தோன்றும். ஒரு பிரதி மட்டும் பழுதுற்ற பெற்றோருக்குக் கோஷே நோய் இராது. ஆயினும் இருவரும் அத்தகையோராயின், ஒவ்வொரு கருவுறுதலிலும் குழந்தைக்கு நோய் வர 25 விழுக்காடு வாய்ப்பு உண்டு. மூத்த குழந்தைக்கு வந்துவிட்டதால் அடுத்ததற்கு வாராது என எண்ணுதல் தவறு. நெருங்கிய உறவில் மணம் செய்தோர் ஒரே மூதாதையிடமிருந்து ஒரே பழுதைப் பெற்றிருக்கும் வாய்ப்பு மிகுதி. எனினும் உறவல்லாத பெற்றோரின் குழந்தைக்கும் இந்நோய் வரலாம். இதில் தாயின் குற்றமோ தந்தையின் குற்றமோ ஏதும் இல்லை.

ஒரு பிரதி மட்டும் பழுதுற்றோரின் நொதி அளவு, இயல்பானோரின் அளவிலும் அமையக்கூடும். ஆகவே அவர்களை நொதிப் பரிசோதனையால் திட்டமாக அறிய இயலாது. குழந்தையிடம் காணப்பட்ட மரபணு மாற்றம் தெரிந்திருந்தால், அதனையே பெற்றோரிடமும் அவர்தம் உடன்பிறந்தாரிடமும் தேடலாம். அடுத்த கருவுறுதலில், பொதுவாக 11 முதல் 13 வாரங்களில், நஞ்சுத் திசுவில் சிறிதளவு எடுத்துச் சிசுவின் நிலையையும் அறியலாம்.

குறைபட்ட நொதியைச் சிரை வழியே செலுத்தும் சிகிச்சை 1991 முதல் நடைமுறையில் உள்ளது. மூளையைத் தாக்காத வகையில் அது நற்பயன் தருகிறது.

ஆதலின், மரபணு அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த குழந்தைக்குத் திட்டமிடுமுன் அதனுடன் மரபியல் ஆலோசனைக்கு இருவரும் வாருங்கள்.